சாய்ப்பு எந்தப் பக்கம்

இடப்பக்கம்தான் என்றார் மாதேசன்,
கேட்கவே கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.
கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
அவர் பட்டறையில் நின்றது எங்கள் பிக்கப்,
முதுகில் தகர வீட்டைச் சுமந்துகொண்டு.
ஏழடி நீளம். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில்.
"கதவு இடப்பக்கம். நாற்காலி போடுறதும் இடப்பக்கம்.
வலப்பக்கம் மாட்டினா
மொத கொண்டை ஊசியிலயே
எதுக்க வர்ற பஸ்ஸு பிடுங்கிட்டுப் போயிடும்."

சரியாகத்தான் பட்டது.
சுருட்டுத் தார்ப்பாய், இரண்டு கை, இரண்டு கால்,
கூலியோடு பதினோராயிரம்.
மனசுக்குள் நான் ஏற்கனவே
அதனடியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

வசந்தமணி ஒன்றும் சொல்லவில்லை.
பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து
நேரே வந்திருந்தாள், விரல்களில் ஸ்பிரிட் வாசம்.
டயர் அடுக்கில் சாய்ந்து
நின்றபடியே தூங்கக் கற்றவள்.

சாக்பீஸ் கோடு விழுந்தது.
அப்பாஸ் டிரில்லை எடுத்தான்.
"ஒருதரம் வேட்டி கட்டிப் பார்த்துட்டு வர்றோமே" என்றேன்.
யோசனை எல்லாம் இல்லை,
காசு எண்ணும் நேரம் எனக்கு வரும்
வழக்கமான பயம்.

மறுநாள் காலை, அடிவாரம் தாண்டி
ஏழாவது வளைவு வரை எண்ணினாள்.
எட்டாவதில் வாய் திறந்திருந்தது.
நாகலூர் வழியில் ஒரு காபித் தோட்டத்தின் வேலியோரம்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
நல்ல மேடாகப் பார்த்து நிறுத்தினேன்.
இடப்பக்கம் கயிறு, இடப்பக்கம் வேட்டி,
இடப்பக்கம் நாற்காலி.
மாதேசன் சொன்னபடி ஒரு குறையும் இல்லை.

பத்து மணிக்கு வலப்பக்க ஜன்னல் திறந்தது.
பாதித் தலை மட்டும் வெளியே.
"தகரம் தோசைக்கல்லாட்டம் சுடுது.
நீ என்ன பண்ணிட்டிருக்க?"
சுற்றி வந்து சொன்னேன், நிழலில் இருக்கிறேன் என்று.
எட்டிப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள்.
"அந்தப் பக்கம் வண்டி நிழலே விழுதே.
நிழலுக்கு எதுக்குய்யா நிழலு?"

வேட்டியை அவிழ்த்து வலப்பக்கம் கட்டினேன்.
கட்டில் சுவர் மங்கியது,
ஜன்னல் மூடிக்கொண்டது.
நான் மட்டும் வெயிலும் கணக்குமாக நின்றேன்:
காலையில் இவளுக்குத்தான் இரவு.
காலை வெயில் கிழக்கே.
கட்டில் கிழக்கே விழ வேண்டுமென்றால்
வண்டியை வடக்கே தலைவைத்து நிறுத்த வேண்டும்.
வடக்கே தலைவைக்கக் கூடாது என்பது
மனுசனுக்குத்தானே, பிக்கப்புக்கு இல்லையே.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது.
வேட்டி, கறக்காத மாட்டு மடிபோல் தொங்கியது.
தட்டிவிட்டால் சத்தம் கேட்டு எழுந்துவிடுவாள்.
உள்ளங்கையால் மெதுவாக மேலே தள்ளினேன்.
அவ்வளவும் என் பிடரியில்.

"வலப்பக்கமா?" மாதேசன் தலையை ஆட்டினார்.
"பஸ்ஸு?"
தூங்கி எழுந்த வசந்தமணி
சைடு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள்.
"சுருட்டுனா நாலு விரக்கடை.
இது ஒரு முழம் நீட்டிட்டிருக்கே,
இதை எந்த பஸ் பிடுங்குச்சு?"
அவர் பதில் சொல்லவில்லை.
ஒரு காலை மட்டும் அரையடி குறைத்து வெட்டினார்,
தண்ணீர் ஓரமாய் ஓடட்டும் என்று.
நொண்டிச் சாய்ப்பு.
இடப்பக்கம் சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது,
யாரும் துடைக்கவில்லை.

இப்போது அடுப்பு கதவுப் பக்கம்,
நிழல் கட்டில் பக்கம்.
டம்ளரோடு வண்டியைச் சுற்றி வர
பதினான்கு எட்டு.
உட்காரும்போது டீ ஆறித்தான் இருக்கிறது.
தகரத்தில் முதுகைச் சாய்க்கிறேன்.
அந்தப் பக்கம் அவள் குறட்டை.
நடுவில்
முக்கால் அங்குல தெர்மோகோல்.